ஐக்யூ டெஸ்டா, மூலிகை டெஸ்டா?

கென்யாவுல விக்டோரியா ஏரி பக்கம் உசெங்கேன்னு ஒரு ஊர், அங்க லுவோ இனத்து பசங்களுக்கு அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் டீம் ரெண்டு விதமா டெஸ்ட் வெச்சு பார்த்தாங்க, ரிசல்ட் 2001ல வந்துச்சு.

ஒரு பக்கம் ஐக்யூ டெஸ்ட் மாதிரி ரேவன் மேட்ரிக்ஸ், அதாவது கட்டத்துல விட்டுப்போன படம் எதுன்னு கண்டுபிடிக்குற டெஸ்ட், அதோட வார்த்தைக்கு அர்த்தம் கேக்குற டெஸ்ட். இன்னொரு பக்கம், வீட்ல சின்ன குழந்தைக்கு 3 நாளா காய்ச்சல், தலைவலி, தொண்டை வலி, எந்த மூலிகை, எப்படி குடுக்கணும், இலைய மூக்குல உறிஞ்சி தும்ம வைக்கணுமா இல்ல வேற வழியா, இப்படி கேள்வி. குடல் புழு தொல்லை அங்க ரொம்ப சகஜம், அதனால இதெல்லாம் பசங்களுக்கு நெஜமாவே தேவைப்படுற அறிவு.

இதுல பாருங்க, மூலிகைல கெட்டியா இருந்த பசங்க வார்த்தை டெஸ்ட்ல, முக்கியமா இங்கிலீஷ்ல, கம்மியா எடுக்குற மாதிரிதான் வந்துச்சு. ஸ்கூல் படிப்ப நம்புற குடும்பம் ஒரு பக்கம், ஊர் வேலைய கத்துக்க விடுற குடும்பம் ஒரு பக்கம், பையனோட நேரம் எங்க போச்சோ அங்க அவன் கெட்டிக்காரன்.

ரேவனுக்கு மொழி வேணாம், எங்க வேணா எடுத்துட்டு போலாம், அது பெரிய வசதிதான், ஆனா பேப்பர்ல கட்டம் பார்த்துப் பழகாத பசங்களுக்கு அதுவும் கஷ்டம். மூலிகை டெஸ்ட் அந்த ஏரியாவ தாண்டினா செல்லாது. இருந்தாலும் அந்த ஊர்ப் பையன் புத்திசாலியான்னு கேட்டா நான் மூலிகை டெஸ்டத்தான் முதல்ல பார்ப்பேன்.