மாத்திரை வீடு தேடி வருது, டாக்டர்தான் வரல: ராம்நாடு பக்கம் போயிட்டு வந்த அனுபவம்

அம்மாவுக்கு சுகர் எகிறுதுன்னு போன்ல கேட்டுக் கேட்டு மனசு கேக்காமதான் இந்த தடவ இங்கிலாந்துலேர்ந்து ஊருக்கு கெளம்புனேன். நமக்கு ராமநாதபுரம் மாவட்டம், கமுதி பக்கம் ஒரு கிராமம், சுத்தி எங்க பாத்தாலும் சீமைக் கருவேலம். 2018ல மத்திய அரசு நாடு முழுக்க பின்தங்குன மாவட்டம்னு பட்டியல் போட்டாங்களே, அதுல தமிழ்நாட்டுலேர்ந்து இடம்பிடிச்சது நாங்களும் பக்கத்து விருதுநகரும் மட்டுந்தான். அதனால ஆஸ்பத்திரி விஷயத்துல பெருசா எதுவும் எதிர்பாக்காமத்தான் போனேன், ஆனா நெனச்ச மாதிரி இல்ல.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல ஊர்ப் பொண்ணு ஒண்ணு மாசா மாசம் வீட்டுக்கே வந்துருது. மகளிர் குழுவுலேர்ந்து எடுத்து ட்ரெய்னிங் குடுத்த தன்னார்வலர். பையில பிபி மிஷின், சுகர் பாக்குற மிஷின், மாத்திரை அட்டை எல்லாம் இருக்கு. திண்ணையில உக்காந்து விரல்ல குத்தி பாத்துட்டு நோட்டுல எழுதிட்டு மாத்திரையக் குடுத்துட்டுப் போகுது. அம்மா அந்தப் பிள்ளைய "வாத்தா, மோர் குடிச்சிட்டுப் போ"ன்னு உக்கார வச்சு பேசாம விடுறதில்ல. ஒத்தப் பைசா செலவு கெடையாது. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச திட்டம், எங்க ஊரு வரைக்கும் ஒழுங்கா நடக்குதுன்னா பாராட்டத்தான் வேணும். மாத்திரை ஸ்டாக்கும் ஓரளவு இருக்குறதுக்கு காரணம் 1994ல அரசு ஆரம்பிச்ச மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுக்க மொத்தமா வாங்கி குடோன்லேர்ந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு மருந்துன்னு கணக்கு எழுதுற பாஸ்புக் வச்சு பிரிச்சுக் குடுக்குறாங்க.

சரி, அப்புறம் ஏன் சுகர் எறங்கல? அந்த நோட்ட வாங்கி பொரட்டிப் பாத்தேன். 260, 285, 270ன்னு மாசக்கணக்கா அப்பிடியே இருக்கு, மாத்திரையும் அதே மாத்திரை, அதே அளவு. அந்தப் பிள்ளைய கொற சொல்ல முடியாது, டோஸ மாத்துற அதிகாரம் அதுக்கு இல்ல, டாக்டரப் போய் பாருங்கன்னு சொல்லத்தான் முடியும், அது ஒவ்வொரு மாசமும் சொல்லிருக்கு. அம்மாதான் போகல. மாத்திரைதான் வீட்டுக்கே வந்துருச்சே, இனிமே என்னத்துக்கு ஆஸ்பத்திரின்னு ஒரு நெனப்பு. எனக்குத் தெரிஞ்சு இந்தத் திட்டத்தோட ஓட்டை இங்கதான் இருக்கு, மருந்து கெடைக்கிறது வேற, நோய் கட்டுக்குள்ள வர்றது வேற. 2020ல தமிழ்நாட்டுல பிபி, சுகர் மாதிரி நோய்ங்கள கணக்கெடுத்த ஸ்டெப்ஸ் சர்வேயில பிபி இருக்குறவங்கள்ல 7.3 சதவீதம் பேருக்கும், சுகர் இருக்குறவங்கள்ல 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுந்தான் கட்டுக்குள்ள இருந்துச்சு. அடுத்த சர்வேயில ரெண்டும் கிட்டத்தட்ட 17 சதவீதத்துக்கு ஏறிருக்கு, ஏறுனது நல்ல விஷயம், ஆனாலும் நூத்துக்கு எண்பது பேருக்கு மேல இன்னும் எங்க அம்மா கதைதான்.

போகாததுக்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணம்னு சொல்லிற முடியாது. டவுன் பஸ் பொம்பளைங்களுக்கு 2021லேர்ந்து இலவசம், ஆனா எங்க ஊருக்கு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர் பாக்குற நாள் தனி, அன்னைக்குப் போனா வெறும் வயித்துல ஒரு தடவ ரத்தம், சாப்ட்டு ஒரு தடவ ரத்தம், டாக்டரப் பாத்து மாத்திரை வாங்கி வெளிய வரைல மதியமாயிரும், அப்புறம் சாயங்கால பஸ் வரைக்கும் ஸ்டாண்டுல காயணும். நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு அன்னைக்கு சம்பளமும் போச்சு. சுகரு கண்ண பாதிச்சிருக்கான்னு கண்ணுக்குள்ள ஃபோட்டோ எடுத்துப் பாக்கணும்னா அதுக்கும் மேல, டவுனுக்கு போகணும்.

பிரசவத்துக்கு எல்லாம் இந்தப் பிரச்சனை அவ்வளவா இல்ல. கிராம செவிலியர் மாசமானதுலேர்ந்து வெரட்டி வெரட்டிப் பாக்குறாங்க, வீட்ல பிரசவம்ங்குறதே கிட்டத்தட்ட ஒழிஞ்சு போச்சு. தனியாருக்குப் போனாத்தான் கத்தி, 2019-21 குடும்பநல சர்வேயில தமிழ்நாட்டு தனியார் ஆஸ்பத்திரி பிரசவத்துல 100க்கு 64 சிசேரியன், அரசுல 36. வெளிநாட்டுலேர்ந்து காசு அனுப்புறோம்ங்குறதுக்காக "பிரைவேட்ல பாருங்க"ன்னு நாமளே தள்ளிவிடுறோம், அத கொஞ்சம் யோசிக்கணும்.

நான் இருக்கைல ஒரு நாள் ராத்திரி சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துருச்சு, வேர்த்துக் கொட்டுது. 108 வந்துச்சு, ஆனா ரோடு இருட்டு, எங்க தெரு தெரியாம டிரைவர் மூணு வாட்டி போன் போட்டாரு, தம்பி டார்ச்ச எடுத்துட்டு கண்மாய்க்கரை வரைக்கும் ஓடிப் போய் நின்னான். மொத ஆஸ்பத்திரியில இசிஜி எடுத்ததும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின்னு மூணு மருந்தும் சேத்து 14 மாத்திரைய ஒரே வாயில போடச் சொன்னாங்க. 2023ல கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டமாம், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே வச்சிருக்காங்க. ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்ச கட்டி பெருசாகாம அந்த மாத்திரைங்க கொஞ்ச நேரம் வாங்கிக் குடுக்கும், அந்த நேரத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். ரத்தக்குழாய் அடைப்ப பாக்குற ஆஞ்சியோவுக்கு மதுரைக்கே அனுப்புனாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல பயணம், வண்டிக்குள்ள சித்தி கையப் புடிச்சுக்கிட்டு வந்ததெல்லாம் இப்ப நெனச்சாலும் பதறுது. ஆளு தேறி வந்துட்டாரு.

நான் இருக்குறது இங்கிலாந்துல லிங்கன்ஷைர், அதுவும் வயக்காட்டு கவுண்டிதான், அங்கயும் தூரம்தான் எமன். அங்க கிரந்தம்ங்குற ஊர்ல 2016ல ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்ட ராத்திரில மூடுனப்ப சனங்க ஊர்வலமே போனாங்க. அதனால எங்க ஊர மட்டும் மட்டமா பேச எனக்கு மனசு வரல. ராமநாதபுரத்துலயே 2022லேர்ந்து அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, மதுரை எய்ம்ஸ் பிள்ளைங்களுக்கும் அங்கதான் கிளாஸ் ஆரம்பிச்சாங்க, கட்டடம் தோப்பூர்ல எழும்புறதுக்கு முன்னாடியே. படிக்கிற டாக்டருங்க ஜில்லாவுல நெறைய இருக்காங்க, அதுல ஒருத்தர வாரம் ஒரு நாள் அந்த நோட்டுங்கள பாக்க வச்சு, 250க்கு மேல உள்ளவங்களுக்கு வீடியோல பேசி டோஸ மாத்துனா பாதி பிரச்சனை தீந்துரும்னு எனக்குத் தோணுது.

ஊருக்குப் போறவங்க ஒண்ணு கவனிங்க, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு மொதல்ல பாருங்க. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வைத்தியச் செலவு கெடைக்கும், வருமானச் சான்று 1,20,000க்குள்ள இருக்கணும். சித்தப்பாவுக்கு அட்டை இருந்துச்சு, ஆனா ரேஷன் கார்டுல பேரு ஒரு மாதிரி ஆதார்ல ஒரு மாதிரி, மதுரையில அந்தப் பதட்டத்துலயும் ஜெராக்ஸ் கடை தேடி அலைஞ்சோம். அம்மாவுக்கு இப்ப டாக்டர் இன்சுலின் எழுதிட்டாரு. மாசம் ஒரு தடவ மதினி ஆட்டோவுல கூட்டிட்டுப் போறதா பேச்சு, ஆட்டோ காசு என் பொறுப்பு, நோட்ட ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்புல போடுறது மதினி பொறுப்பு.