திறன் சான்றிதழுக்கு எந்த வழி? முதியோர் பராமரிப்பாளர்களுக்கு ஓர் அலசல்

பேராக்கின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பெற்றோருக்கு இங்கேயே வயதாகிவிட்டது. அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்கும் நம் பெண்கள் பலரிடம் பத்து வருட அனுபவம் இருக்கிறது. காட்டுவதற்குத்தான் ஒரு தாளும் இல்லை.

அந்தத் தாள் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வருவது. இதைப் பெற மூன்று வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் கைக்கு வரும் சான்றிதழ் ஒன்றேதான். ஆகவே, "எது உயர்ந்தது?" என்று கேட்பதில் பயனில்லை. செலவு யாருடையது, யாருடைய கையெழுத்து வேண்டும் என்று பாருங்கள்.

பயிற்சி மையத்தில் முழுநேரம் படிப்பது பள்ளியை முடித்த பிள்ளைகளுக்குப் பொருந்தும். திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பிடிபிகேயில் கடனும் கேட்கலாம். வீட்டில் அடுப்பெரிவதே உங்கள் சம்பளத்தில் என்றால், இந்த வழியை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, எஸ்எல்டிஎன் என்னும் இரட்டைப் பயிற்சி முறை. பெரும்பகுதி வேலையிடத்தில், சிறுபகுதி வகுப்பில். முதலாளியோடு ஒப்பந்தம் போட்டு, உதவித்தொகையும் பெற்றுக்கொண்டே கற்கலாம். புதிதாக வருகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவர் அந்த முதியோர் இல்லத்தில் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் ஓடும் சிறிய இல்லத்தில், பயிற்சியாளர் என்ற பெயரில் துணி துவைத்தே காலம் போய்விடும்.

அனுபவசாலிக்கு ஏற்றது பிபிடி, அதாவது முன்அனுபவ அங்கீகாரம். வகுப்பு கிடையாது. ஒரு தொழிலுக்கு என்னென்ன வேலை தெரிய வேண்டும் என்று பட்டியலிடும் தேசியத் தொழில்திறன் தரநிலையில் உள்ள ஒவ்வொரு வேலையையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் சேர்த்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அதைச் சோதிப்பார். நம் அக்காமார் தடுமாறுவது இங்கேதான். மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்குமுன் தலைமாட்டை உயர்த்த வேண்டும், கொடுத்து முடித்ததும் உடனே படுக்க வைக்கக்கூடாது என்பதெல்லாம் கைக்குத் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாத்தாவை இரண்டு மணிக்கொரு முறை புரட்டியும் விடுவார்கள். ஆனால் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், தோல் சிவந்திருந்ததா என்று எழுதி வைப்பதில்லை. எழுதாத வேலை கோப்பில் செய்யாத வேலைதான். அதையும் மலாயில் எழுத வேண்டியிருக்கும். தமிழ்ப்பள்ளியோடு நின்றுவிட்டவர் மகளையோ மருமகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. படம் எடுத்து இணைப்பதானால் குடும்பத்தாரின் அனுமதி முக்கியம்.

நீங்கள் அங்கே வேலை செய்ததை முதலாளி கையெழுத்திட்டு உறுதிப்படுத்தும் பணி உறுதிக் கடிதம் இன்னொரு தலைவலி. சான்றிதழ் வந்தால் ஆள் ஓடிவிடும் என்று அஞ்சிக் கடிதத்தை இழுத்தடிக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை ஆகியவற்றை இன்றிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். சேமநிதியே கட்டாத இடமென்றால், முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

இவை தவிர, வார இறுதிக் குறுகியகாலப் பயிற்சிகளும் உண்டு. முதுகு பிடிக்காமல் ஆளைத் தூக்கவும், மூச்சடைத்தால் முதலுதவி செய்யவும் நன்றாகவே கற்றுத் தருவார்கள். போய் வாருங்கள். ஆனால் அங்கே தரும் வருகைச் சான்றிதழை எஸ்கேஎம் என்று நினைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடாதீர்கள். பணம் கட்டுமுன் அது எஸ்கேஎம்தானா, அதில் எந்த நிலை என்று கேளுங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் மிகையாக எண்ண வேண்டாம். சட்டம் உறுதி செய்வது 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டுமே. எஸ்கேஎம் இருப்பதற்காகக் கூடுதலாகத் தருவது முதலாளியின் மனதைப் பொறுத்தது, நீங்கள் பேசிப் பெறுவதையும் பொறுத்தது. எஸ்கேஎம் மூன்றாம் நிலைக்குமேல் மலேசியத் திறன் டிப்ளோமா இருக்கிறது. மேற்பார்வையாளர் பதவிக்குக் குறி வைப்பவர் அதுவரை போகலாம். தாதியாக வேண்டும் என்ற ஆசையிருந்தால் பாதையே வேறு. அதற்கு ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் தகுதியோடு தாதிமை டிப்ளோமா படித்து, தாதியர் வாரியத்தில் பதிய வேண்டும்.