டார்ச்சுக்குக் கண் மாற்றி இரண்டு வருடம்

என் பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச் கிடக்கும். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், உள்ளே ஒரே ஒரு 14500 லித்தியம் செல் (ஏஏ செல்லின் அளவு). அதிலிருந்த எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தி இரண்டு வருடம் ஆகிறது. மாற்றிய அன்றைக்கே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். அப்போது எழுதாததும் நல்லதுதான். அன்று பிடித்த எல்.இ.டி. இன்று அதில் இல்லை.

வாங்கும்போது இருந்தது 6500 கெல்வின் கூல் வைட், நீலம் தட்டும் வெள்ளை. கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சள் பக்கம் போகும். பளீரென்று அடிக்கும், தூரமும் போகும். குறை என்று ஒன்றும் தோன்றவில்லை, ஒரு பழைய ரேடியோ போர்டைத் திறந்து உட்காரும்வரை. இருட்டு மூலையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லும் நிறப் பட்டைகளைப் படித்தேன். பழுப்பு, கறுப்பு, சிவப்பு. அப்படியென்றால் ஆயிரம் ஓம். மீட்டரை வைத்தால் பத்தாயிரம் காட்டுகிறது. மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தால் மூன்றாவது பட்டை நல்ல ஆரஞ்சு. வெளிச்சம் போதாமல் இல்லை, கண் கூசுகிற அளவுக்கு இருந்தது. அந்த வெளிச்சத்தில் சிவப்புதான் இல்லை.

வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி. அதன்மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான கலவையில் ஆழ்ந்த சிவப்பு பெயருக்குத்தான் இருக்கும். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று நூற்றுக்கு மார்க் போடுவது சி.ஆர்.ஐ. பெட்டியில் போட்டிருக்கும் அந்த எண்ணும் இதைச் சொல்லாது. அது எட்டு வெளிர்நிறங்களின் சராசரி. அடர் சிவப்பான ஆர்9 அந்த எட்டில் சேர்த்தியே இல்லை. சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருக்கும் விளக்கில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது சாதாரணம்.

இதையெல்லாம் படித்துவிட்டும் முதல் தடவை தப்பாகத்தான் தேர்ந்தெடுத்தேன். ‘வார்ம்’ என்றால் முழுசாக வார்மாக இருக்கட்டும் என்று 2700 கெல்வின். குண்டு பல்பின் நிறம். முதல் ராத்திரி சொக்கிப்போய் சுவரிலேயே அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் சலித்துவிட்டது. ராத்திரி, மற்ற விளக்கெல்லாம் அணைந்திருக்கும்போது அதற்கு நிகரில்லை. பகலில் மேஜைக்கு அடியில் அடித்தால் செல் தீரப்போகிற டார்ச் மாதிரி இருக்கும். வீட்டில் இரண்டு தடவை, “இதுக்குச் சார்ஜ் போடலியா?” என்று கேட்டாயிற்று. அதைவிட மோசம், வெள்ளை ஒயரும் மஞ்சள் ஒயரும் ஒன்றாகத் தெரிந்தன. சிவப்பைத் தேடிப் போய் மஞ்சளைத் தொலைத்தேன்.

இரண்டாவதாக வைத்ததுதான் இப்போதும் இருப்பது: நிச்சியா கம்பெனியின் 519ஏ, 4500 கெல்வின், ஆர்9080 வகை. அந்தக் குறிக்கு அர்த்தம், சராசரி 90க்கு மேல், சிவப்பு மட்டும் தனியாக 80க்கு மேல். அடிப்பாகம் 3.5 மில்லிமீட்டர் சதுரம், பழையதும் அதே அளவு. இரண்டும் 3 வோல்ட். வாங்குமுன் பார்க்கவேண்டியவை இந்த இரண்டும்தான். மற்றதை எப்படியாவது சமாளித்துவிடலாம்.

வேலையில் பாதி, டார்ச்சைத் திறப்பது. முன்வளையத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஹேர் டிரையரில் நன்றாகச் சூடாக்கி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். ஏழெட்டு முயற்சிக்குப் பிறகு ‘டக்’கென்று விட்டது. அடுத்த சிக்கல் எல்.இ.டி. உட்கார்ந்திருக்கும் செம்புத் தகடு. செம்பு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால், சாதாரண சால்டரிங் அயர்னால் தொட்டால் ஈயம் உருகவே உருகாது. வற்புறுத்தினால் தகட்டின் பூச்சு பெயர்ந்து வரும். 2700ஐ வைத்தபோது அப்படித்தான் ஒரு முனையைக் கெடுத்தேன். இரண்டாம் தடவை இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து நிறுத்தி, அதன்மேல் தகட்டை வைத்துக் கீழிருந்தே சூடேற்றினேன். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியில் உருகும். இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்தால் அந்த இடத்துக்குப் போய்விடுகிறது.

பழைய எல்.இ.டி.யை ட்வீசரால் தூக்கிவிட்டு, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தடவிப் புதியதை வைத்தேன். முதலில் கோணலாக நின்றது. ஈயம் பளபளவென்று மின்னத் தொடங்கியதும், யாரும் தொடாமலே மெல்லத் திரும்பி நேராக உட்கார்ந்தது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசைதான். தலையில் ட்வீசரால் லேசாகத் தட்டினால் நகர்ந்து மறுபடி பழைய இடத்துக்கே வரும். வந்தால் பற்று சரி. இந்த ஒரு நொடிக்காகவே இன்னொரு டார்ச்சைப் பிரிக்கலாம் போலிருக்கும். தகடு ஆறியதும் மல்டிமீட்டரை டையோடு சோதனையில் வைத்து முனைகளைத் தொட்டேன், மினுக்கென்று எரிந்தது. இந்தச் சோதனை முடியாமல் ஒயரைப் பற்றவைக்காதீர்கள். பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அவசரத்தில் இரண்டு தப்பு செய்தேன். எல்.இ.டி.யைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையத்தைப் போடாமல் மூடிவிட்டேன். ஒளியைக் குவிக்கும் கிண்ணமான ரிஃப்ளக்டர் உலோகம், அதன் அடிவாய் ஈயப்பற்றுகளில் இடித்து ஷார்ட். செல்லில் பாதுகாப்புச் சர்க்யூட் இருந்ததால் விளக்கு எரியாததோடு போயிற்று. இரண்டாவது தப்புக்குப் பரிகாரமே இல்லை. ரிஃப்ளக்டருக்குள் விழுந்த விரல் ரேகையைத் துணியால் துடைத்தேன். அந்தப் பூச்சு காகிதத்தைவிட மெல்லியது. துடைத்த கோடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. தூசி விழுந்தால் ஊதுங்கள், அதற்குமேல் கை வைக்க வேண்டாம்.

ஒரு வருடம் கழித்து அதே எல்.இ.டி.யின் மேலிருந்த சிலிக்கோன் குமிழைப் பிளேடால் சீவி எடுத்தேன். துணிச்சல் இருந்தால் மட்டும் செய்யவேண்டிய வேலை இது, பிளேடு தவறினால் எல்.இ.டி. குப்பைதான். குமிழ் போனதும் நிறம் சில நூறு கெல்வின் இறங்கியது, லேசான ரோஜாச் சாயலும் வந்தது. கெல்வின் எண்ணைவிட இந்தச் சாயல்தான் முக்கியம் என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. ஒரே 4000 கெல்வினில் ஒரு விளக்கு பச்சைப் பக்கம் சாயும், ஒன்று ரோஜாப் பக்கம் சாயும். பச்சைப் பக்கம் சாய்ந்தால் உள்ளங்கை நோயாளியின் கை மாதிரி தெரியும். அதுவும் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் பல எல்.இ.டி.க்கள் இன்னும் பச்சையாகும். நான் முக்கால்வாசி நேரம் டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில்தான் வைக்கிறேன், அதனால் எனக்கு இது பெரிய விஷயம்.

நஷ்டமும் உண்டு. வெளிச்சம் கால்பங்குக்குக் குறையாமல் போயிருக்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டான டிரைவர் தருவது அதே மின்னோட்டம் என்பதால் செல் நிற்கும் நேரம் மாறவில்லை, வெளியே வருகிற ஒளியின் அளவான லூமென்தான் குறைவு. அறைக்குள் கண்ணுக்கு அது தெரிவதேயில்லை. திறந்தவெளியில் தெரிகிறது. முன்பு தூரத்து மரத்தின் உச்சியைத் தொட்ட ஒளி இப்போது பாதி மரத்தோடு நின்றுவிடுகிறது. நடுவட்டத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையமும் விழுந்தது. கண்ணாடிக்குள் மங்கல் ஃபிலிம் ஒட்டியதும் அது போய்விட்டது, கூடவே மீதித் தூரமும். எனக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் வேலை, அதனால் வருத்தமில்லை. காவலுக்குப் போகிறவர்களும் தூரத்தில் தேடுகிறவர்களும் இந்த வழிக்கே வரவேண்டாம்.

எட்டாவது மாதம் டார்ச் மினுங்க ஆரம்பித்தது. தட்டினால் எரியும், திருப்பினால் அணையும். எல்.இ.டி.யைத் திட்டிக்கொண்டே திறந்தேன். பிழை என்னுடையதுதான். கறுப்பு ஒயரின் தோலை உரிக்கும்போது இழைகளில் பாதியை வெட்டியிருக்கிறேன், மீதியும் ஒவ்வொன்றாக அறுந்து இரண்டே இழையில் நின்றிருந்தது. புது ஒயர் போட்ட பிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை.

பயன் எங்கே தெரிந்தது என்று கேட்டால், பிள்ளையின் தொண்டையில். பழைய வெளிச்சத்தில் வாய்க்குள் எல்லாமே சாம்பல் பூத்த ஒரே நிறம். இப்போது சிவந்து வீங்கியிருக்கும் இடமும் மற்ற இடமும் பிரிந்து தெரிகின்றன. விரலில் ஏறிய முள்ளைத் தேடும்போதும் அப்படித்தான், தோலுக்குள் அதன் கறுப்புக் கோடு சட்டென்று கண்ணில் படுகிறது. துருவும் அழுக்கும் வேறுவேறாகத் தெரிகின்றன. ராத்திரி நடுவில் எழுந்தால் கண் சுருங்குவதில்லை. மங்கிய வெளிச்சம் வெதுவெதுப்பான நிறத்தில் இருந்தால்தான் கண்ணுக்கு இதம் என்று க்ரூய்த்தாஃப் என்ற டச்சு இயற்பியலாளர் 1941லேயே ஒரு வரைபடம் போட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. என் கண் மட்டும் அவர் கட்சி.

அடுத்ததாக சைக்கிள் விளக்கைப் பிரித்தேன். வெளியிலிருந்து பார்க்க அதே மாதிரி எல்.இ.டி. மல்டிமீட்டரை டையோடில் வைத்துத் தொட்டால் எந்தப் பக்கம் தொட்டாலும் எரியவில்லை. அது 6 வோல்ட் வகை, மீட்டர் தருகிற மின்னழுத்தம் அதற்குப் போதாது. இதை மாற்ற டிரைவரையும் மாற்றவேண்டும். திருகாணிகளைப் போட்டு மூடிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியையும் துடைத்துக் கொடுத்தாயிற்று.