மூவர் ஜாஸ் கச்சேரி: இடைவேளைக்குப் பிறகுதான் பேஸ் கேட்டது

ஓர்கன், டபுள் பேஸ் (நின்று வாசிக்கும் பெரிய அடிச்சுர நரம்பு வாத்தியம்), டிரம்ஸ். மூன்றே வாத்தியம், பாட்டுக்காரர் இல்லை, கிற்றாரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இப்படியொரு ஜாஸ் கச்சேரி எப்போதாவதுதான் அகப்படும் என்பதால் குறை நிறைகளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம். மண்டபத்தின் பெயரும் ஒலியமைத்தவர்களின் பெயரும் வேண்டாம். குறையில் பெரும்பங்கு அந்தப் பக்கந்தான், ஆனால் சீமெந்துச் சுவரும் மாபிள் நிலமும் உள்ள எந்த மண்டபத்திலும் இதே குறை வரும்.

1950களில் ஜிம்மி ஸ்மித் நிலைநிறுத்திய ஓர்கன் ட்ரியோவில் பொதுவாகப் பேஸ்காரர் கிடையாது. ஓர்கன்காரரே இடக்கையாலும் காலாலும் அடிச்சுரத்தைப் பார்த்துக்கொள்வார், மூன்றாமவர் கிற்றார். 1991இல் நியூயோர்க்கில் சேர்ந்த மெடெஸ்கி மார்ட்டின் அண்ட் வூட், பேஸுக்குத் தனி ஆளை வைத்து அந்த இடக்கையை விடுவித்தது. யாழ்ப்பாணம் வந்த மூவரும் அதே வழி. விடுபட்ட இடக்கை சும்மா இருக்கவில்லை: வலக்கை மெட்டைப் பிடிக்க, இடக்கை மேலிருந்த இரண்டாவது கீபோட்டில் வெட்டு வெட்டாகத் தாளம் போட்டது. டிரம்ஸ்காரர் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் துவாயை மடித்துப் போட்டு, சிம்பலில் மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டிருந்தார். பேஸ்காரர் நரம்புகளுக்கிடையில் காகிதம் செருகி வில்லால் இழுத்தபோது தம்புராவின் ஜீவா நூல் தருவதைப் போல ஓர் இரைச்சல் வந்தது. வித்தைக்காகச் செய்ததல்ல, அடுத்த உருப்படிக்கு அதுவே சுருதியாக நின்றது.

மேளச்சமா (தவில், நாதஸ்வரக் கச்சேரி) கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இசை ஒன்றும் எட்டாத தூரமில்லை. ஆனால் ஓரிடத்தில் அந்தப் பழக்கமே காலை வாரிவிட்டது. இரண்டாம் பாதியின் இரண்டாவது உருப்படி ஏழு அட்சரத் தாளத்தில் ஓடியது. சபையில் பலர் மூன்றும் நாலுமான மிஸ்ர சாபு என்று நினைத்துத் தட்டத் தொடங்கினார்கள்: தகிட தகதிமி. நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) போவதற்குள் கை தடுமாறியது. டிரம்ஸ்காரர் நாலும் மூன்றுமாக, விலோமமாக, அதாவது தலைகீழாகப் பிரித்திருந்தார். சாபுத் தட்டு நாலிலும் ஆறிலும் விழ, பாஸ் டிரம் ஐந்தில் இடித்தது. ஐந்தில் தட்டிப் பார்த்தவர்களுக்கு உடனே அடங்கியிருக்கும். அதற்கு மேல் பேஸ்காரர் எட்டு அட்சரச் சொற்கட்டு ஒன்றை விடாமல் ஓட்டினார். ஏழும் எட்டும் 56 அட்சரத்துக்கு ஒருமுறை, அதாவது எட்டு ஆவர்த்தனம் முடிந்த இடத்தில்தான் ஒன்றாக எடுப்புக்கு, அதாவது தொடக்கத்துக்கு வரும். தவில்காரர் என்றால் அந்த இடத்தைத் தீர்மானம் என்ற முத்தாய்ப்பு வைத்து ஊருக்கே அறிவித்திருப்பார். இவர்கள் சத்தமில்லாமல் கடந்து போனார்கள், கைதட்ட இடம் விடவேயில்லை. மாற்றம் எங்கே வருகிறது என்று பிடிக்க வேண்டுமானால் ஓர்கன்காரரின் இடக்கையைப் பாருங்கள். அது கட்டையிலிருந்து எழும்பினால் அடுத்த எடுப்பில் ஏதோ மாறப்போகிறது.

முதற்பாதியில் தாளமில்லாத ஓர் உருப்படி நீண்டு போய்விட்டது. ஆலாபனை எவ்வளவு நீண்டாலும் ராகம் என்ற கரை இருக்கிறது. இதற்குக் கரை ஒருவரையொருவர் கேட்பது மட்டுந்தான். பேஸ் கேளாத நேரத்தில் அதுவும் போய்விட்டது.

ஏன் கேளவில்லை? டபுள் பேஸின் அடி நரம்பு ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸ். நிறுத்தியிருந்தவையோ ஸ்டாண்டில் இரண்டு 12 அங்குலப் பெட்டிகள், சப் (அடிச்சுரத்துக்கான தனிப் பெட்டி) இல்லை. அந்தப் பெட்டிகள் அவ்வளவு கீழே இறங்கா. சவுண்ட்காரர் பேஸ் குமிழை ஏற்றினார். ஏறியது அடிச்சுரமல்ல, 100 ஹேர்ட்ஸை அண்டிய மண்டபத்தின் இரைச்சல். பிறகு ஊளை. இடைவேளையில் நாலு வேலை செய்தார்கள்: பேஸ் அம்பை (ஒலிபெருக்கியை) உள்கூடான பலகை மேடையிலிருந்து இறக்கிச் சீமெந்துத் தரையில் வைத்தார்கள், பேஸின் துருவம் மாற்றும் (phase) பொத்தானை அழுத்தினார்கள், ஓர்கனில் 100க்குக் கீழே வெட்டினார்கள், டிரம்ஸ் மைக்குகளில் பாஸ் டிரம்மைத் தவிர மற்றதெல்லாவற்றையும் மூடினார்கள். பத்து நிமிட வேலை. முன்னேரமே வந்து செய்திருக்கலாம்.

கருவிகள் பற்றியும் கேட்டார்கள். 1954இல் வந்த ஹம்மண்ட் பி-3 ஓர்கனை ஏன் கொண்டுவரவில்லை? இருக்கை, கால்கட்டைகள் சேர ஏறக்குறைய 190 கிலோ என்பது ஒரு காரணம். மற்றது மின்சாரம். அதனுள்ளே சுற்றும் 91 பற்சக்கரங்களின் வேகம் மின்சாரத்தின் ஹேர்ட்ஸைப் பிடித்தே ஓடும். அமெரிக்காவின் 60க்குச் செய்ததை இங்குள்ள 50இல் போட்டால் சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். ச இருந்த இடத்தில் கீழ்த் த கேட்கும். ஜெனரேட்டர் வேகம் ஆடினால் சுருதியும் ஆடும். ஓர்கனாகக் கொண்டுவந்த டிஜிட்டல் கீபோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, வேறொன்று உண்டு: ஒருமுறை கரண்ட் நின்று ஜெனரேட்டருக்கு மாறியபோது அது மீண்டும் எழும்ப அரை நிமிடம் சென்றது. சின்ன யூ.பி.எஸ். ஒன்று போதும்.

கழுத்துக் கழற்றும் பயண பேஸுக்குக் கடற்காற்றின் ஈரம் பிடிக்கவில்லை. மரம் ஊதினால் மேற்பலகை எழும்பும், அதோடு குதிரையும் நரம்பும் உயரும், விரல் அமர்த்தக் கஷ்டம். இடைவேளையில் பேஸ்காரர் குதிரையின் கால்களிலுள்ள சின்னச் சக்கரங்களை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி நரம்பை இறக்கிக்கொண்டிருந்தார்.

இப்படியான கச்சேரிக்குப் போனால் சுவரோரக் கதிரையை விடுங்கள். அடிச்சுரம் அங்கே தேங்கி நிற்கும். நடுவில், மேடையிலிருந்து ஐந்தாறு வரிசை தள்ளி நல்லது. சிம்பல் கூர்மையானது, குழந்தைகளோடு போகிறவர்கள் காதடைப்பான் கொண்டுபோகலாம். திரும்பிவர ஓட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கடைசியில் சபை விடாமல் தட்ட, திரும்பி வந்து ஒரு சின்ன உருப்படி வாசித்தார்கள். சவுண்ட்காரர் அதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். கீபோட் தன் சின்ன அம்பில், டிரம்ஸ் பிரஷ்ஷில், பேஸ் வெறும் மரத்தில். மூன்றும் தனித்தனியாகத் துலக்கமாகக் கேட்டது அப்போதுதான்.