வீட்டுக் கறிக்கு வான்கோழி: அகன்ற மார்பு வெள்ளையா, பழைய இனமா?

வான்கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ வரும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அடுத்த வருடக் குஞ்சு எங்கிருந்து வரப்போகிறது என்பது. இரண்டு வகையையும் வளர்த்துப் பார்த்த பிறகு, தேர்வு அங்கேதான் முடிவாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அகன்ற மார்பு வெள்ளை கறிக்காகவே உருவாக்கப்பட்ட ரகம். பெட்டை 14 முதல் 16 வாரத்தில் ஏழு கிலோவைத் தாண்டும். சேவல் 18 முதல் 20 வாரத்தில் பதினைந்து கிலோவைத் தொடும். ஒரு கிலோ எடை ஏற இரண்டரை முதல் மூன்று கிலோ தீவனம் போதும். ஆனால் அந்த மார்பே அதற்குத் தடையாகவும் இருக்கிறது. வளர்ந்த சேவலால் பெட்டையோடு இயற்கையாக இணைசேர முடியாது, பண்ணைகளில் செயற்கை முறையில்தான் கருவூட்டுகிறார்கள். அதனால் வீட்டில் வளர்ப்பவர் வருடா வருடம் குஞ்சு வாங்கியே ஆக வேண்டும்.

தேதியும் தவறக்கூடாது. 20 வாரத்தில் அறுத்திருக்க வேண்டிய ஒரு சேவலை, இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று ஆறு வாரம் கூடுதலாக விட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பத்தடி நடக்கும், வழியிலேயே உட்காரும், மூச்சு வாங்கும், மறுபடி எழும். தரையில் உட்கார்ந்தே கிடந்ததில் மார்பு எலும்பின் மேல் தோல் தடித்து நீர் கோத்திருந்தது. அந்த ஆறு வாரத் தீவனம் கறியாகவில்லை, கொழுப்பும் வலியுமாகத்தான் ஆனது. அன்றிலிருந்து இந்த ரகத்துக்கு அறுக்கும் நாளை முதலிலேயே குறித்து வைத்துவிட்டுத்தான் குஞ்சு வாங்குகிறேன். உயரமான பரணும் வைப்பதில்லை. ஏறுவதைவிடக் குதித்து இறங்கும்போதுதான் கால் போகிறது.

பழைய இனங்கள் வேறு மாதிரி. வெண்கலம், பூர்பன் சிவப்பு, நாரகன்செட் போன்றவை அறுக்கும் பருவத்துக்கு வர 26 முதல் 28 வாரம் ஆகும். இளம் சேவல் பத்து கிலோ பக்கம், பெட்டை ஆறு ஏழு கிலோ. வாங்கிப் போடும் தீவனத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு கிலோ கறி நிச்சயம் கூடுதல் செலவுதான். புல், வெட்டுக்கிளி, புழு என்று வெளியில் மேய்ந்து கொஞ்சம் ஈடுகட்டும். அதை நம்பித் தீவனத்தைக் குறைத்துவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும்.

இவற்றின் உண்மையான பலம், தானே இணைசேரும், தானே அடைகாக்கும். 28 நாள் அடை. பெட்டை ஐந்து வருடத்துக்கு மேலும் முட்டையிடும். அப்புறம், இவை பறக்கும். இடுப்பளவு வேலி இவற்றுக்குப் பொருட்டே இல்லை. ஒரு பக்க இறக்கையின் சிறகுகளை மட்டும் வெட்டினால் சமநிலை தவறி எழும்ப முடியாது, ஆனால் சிறகு உதிர்ந்து முளைக்கும்போது மறுபடி வெட்ட வேண்டும். மாலையில் கொட்டகைக்குள் சேர்க்கப் பழக்காவிட்டால் மரத்தில் ஏறிவிடும். பெட்டை வேலியோரப் புதரில் முட்டையை மறைத்து வைத்து, இரவில் அங்கேயே அடை கிடக்கும். நரிக்கும் நாய்க்கும் அது சுலபமான இரை.

கறியைப் பொறுத்தவரை, நிறைய வெள்ளைக் கறியும் மென்மையும் வேண்டுமென்றால் அகன்ற மார்புதான். பழைய இனத்தில் மார்பு ஒடுங்கியிருக்கும். நடந்தும் பறந்தும் வளர்வதால் தொடைக் கறி கருத்து, இறுக்கமாக, ருசி ஆழமாக இருக்கும். குறைந்த சூட்டில் நிதானமாக வேக வைத்தால்தான் அது இளகும். எனக்குப் பிடித்தது இதுதான். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை.

எந்த ரகமானாலும் முதல் இரண்டு வாரம் ஒரே பாடுதான். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தீவனத்தில் 28 சதவீதம் புரதம் தேவை, சாதாரண கோழிக்குஞ்சுத் தீவனம் போதாது. கோழிக்குஞ்சு தானாகக் கொத்தப் பழகிவிடும். வான்கோழிக் குஞ்சு தீவனத்தின் மேலேயே நின்றுகொண்டு பட்டினி கிடக்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அலகை மட்டும் தண்ணீரில் நனைக்கிறேன். அலகை நிமிர்த்தி விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் இறக்கி விடுவேன். தண்ணீர்த் தட்டில் பளபளக்கும் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தால் அவற்றைக் கொத்தப்போய்க் குடிக்கப் பழகும். வழுக்கும் காகிதத்தை மட்டும் கீழே விரிக்காதீர்கள், கால் இரு பக்கமும் விரிந்து முடமாகிவிடும்.

கோழி வளர்த்த மண்ணில் வான்கோழியை விடவே கூடாது. கருந்தலை நோய்க் கிருமி கோழியின் குடற்புழு முட்டைக்குள் ஒளிந்து மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, வான்கோழிக்கு ஈரல் அழுகும். பெயரை நம்பித் தலை கறுக்கிறதா என்று பார்க்காதீர்கள், கந்தக மஞ்சள் நிறத்தில் எச்சம் விழுகிறதா என்று பாருங்கள். இதில் பழைய இனம் தப்பித்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? முதல் முறை என்றால் அகன்ற மார்பு வெள்ளைக் குஞ்சு ஆறு வாங்குங்கள். ஐந்து மாதத்தில் வேலை முடிந்துவிடும், இது நமக்குச் சரிப்படுமா என்பதும் தெரிந்துவிடும். சரிப்பட்டால், உயர்ந்த வேலியும் மேய இடமும் இருந்தால், அடுத்த வருடம் பழைய இனத்துக்கு மாறலாம். பெரிய பறவையை வைக்க அடுப்பிலும் உறைபெட்டியிலும் இடமில்லாதவர்களுக்கு பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை பொருந்தும். அமெரிக்க வேளாண்மைத் துறை 1930களில் சிறு குடும்பங்களுக்காகவே உருவாக்கியது. பெட்டை நாலரை கிலோ அளவில் நிற்கும், இயற்கையாகவே இணைசேரும். குஞ்சு கிடைப்பதுதான் அரிது.

அறுப்பதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் வையுங்கள். 60 டிகிரிக்குச் சற்று மேலான வெந்நீரில் முக்கினால் இறகு எளிதாக வரும். சுத்தம் செய்ததும் பனிக்கட்டி நீரில் குளிரவைத்து, ஒரு நாளாவது குளிர்பெட்டியில் வைத்துவிட்டுச் சமையுங்கள். பழைய இனம் என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.