கழுத்தில் பைனாகுலர், வண்டியில் ஸ்கோப்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இதுவரை நான்கு அக்டோபர்கள் எல்க் வேட்டைக்குப் போயிருக்கிறேன். ஒரே ஒரு முறைதான் இறைச்சியோடு வீடு திரும்பினேன். ஆகவே இது நிபுணர் மதிப்புரை இல்லை. 48 வயது, மூக்குக் கண்ணாடி, அடிக்கடி மக்கர் பண்ணும் இடது முழங்கால், அதோடு காசு போட்டு வாங்கிய ஒரு பைனாகுலரும் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் தந்த ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) கையில் உள்ள ஒருவனின் அனுபவம்.

எல்க் ஒரு மான் வகை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளாவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிடப் பெரிது. வளர்ந்த ஆண் 300 கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தேனி மாவட்டத்துக் கம்பத்தில் வளர்ந்த எனக்கு இது இன்னும் விநோதம்தான்: ஊரில் மிளாவைத் தொட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தூக்கி உள்ளே வைக்கும். இங்கே வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுதி அட்டை வாங்கினால், மாநிலமே பருவம் குறித்து டேக், அதாவது வேட்டை அனுமதிச் சீட்டு, விற்கிறது.

நான் போவது மீக்கர் ஊருக்குக் கிழக்கே, ஃபிளாட் டாப்ஸ் பக்கம். மேலே தட்டையான பெரும் பீடபூமி, ஓரங்களில் ஆஸ்பென் மரங்கள், அதற்குக் கீழே பகலிலும் இருட்டாக நிற்கும் ஃபிர், ஸ்ப்ரூஸ் காடு. 10,000 அடி உயரம். டென்வர் பக்கமிருந்து வந்து இறங்கிய முதல் நாள் செருப்பு மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கும். முதுகில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் இந்த உயரத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பைனாகுலர், வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 10×42: 10 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். நான் வாங்கியபோது 250 டாலருக்குச் சற்றுக் கீழே. எடை 600 கிராம் சொச்சம். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் வார்ப்பட்டைப் பையும் கூடவே வந்தது. அந்தப் பையை இலவச இணைப்பு என்று அலட்சியமாக நினைத்தேன், தப்பு. கழுத்து வாரில் தொங்கினால் பாறையில் ஏறும்போது முட்டும், குனிந்தால் ஆடும். நெஞ்சுப் பையில் இருந்தால் அது இருப்பதே மறந்துவிடும். கண்ணாடி போடுபவர்கள் கண்வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். எனக்குப் படத்தின் ஓரம் லேசாக வெட்டுப்படுகிறது, பழகிவிட்டது. ஓரங்களில் கொஞ்சம் மங்கல் உண்டு. விலை உயர்ந்த ஸ்வரோவ்ஸ்கி பைனாகுலர் வைத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடையதை வாங்கிப் பார்க்காதீர்கள். வீட்டில் சண்டை வரும்.

முதல் வருடம் பனியும் மூடுபனியும், எதையும் பார்க்கவில்லை. விடுங்கள்.

இரண்டாம் வருடம்தான் பாடம். காலை எட்டு மணி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு புல்வெளி ஓரத்தில் தனியாக ஓர் ஆண் எல்க். தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். கொம்பு இருப்பது தெரிந்தது. எத்தனை கிளை என்று தெரியவில்லை. இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது: கொலராடோவின் பெரும்பாலான யூனிட்டுகளில் (வேட்டைக்காக மாநிலம் பிரித்திருக்கும் பகுதிகளில்) ஆண் எல்க்கைச் சுட வேண்டுமென்றால், ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளைகள் இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கு மேலே முன்னால் நீளும் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். 10 மடங்கு பெரிதாக்கினால் 1,500 மீட்டரில் நிற்பது 150 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். 150 மீட்டரில், பின்னால் கருத்த மரங்கள் இருக்க, வெறும் கண்ணால் கொம்புக் கிளையை எண்ணிப் பாருங்கள். முடியாது.

எண்ண முடியாததால் நடந்தேன். இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறி மூன்று மணி நேரம். எல்க் அங்கேயேதான் படுத்திருந்தது, புண்ணியம். எழுந்து நின்றது. ஒரு பக்கம் இரண்டு கிளை, இன்னொரு பக்கம் வெறும் குச்சி, நெற்றிக் கிளை விரல் நீளம்கூட இல்லை. இளசு. அதுவும் என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். வந்த வழியே திரும்பினேன்.

அன்று இரவு இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் அவருடைய பழைய 20-60×80 ஸ்கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது வருடமாக இந்த மலைகளில் திரிபவர். “அடுத்த வருடம் கண்ணால் நட, காலால் வேண்டாம்” என்றார்.

மூன்றாம் வருடம் கண்ணால்தான் நடந்தேன். சுகம்! 1,400 மீட்டரில் நின்ற கூட்டத்தில் ஒரு ஆணின் கொம்பில் ஐந்து கிளைகளை 40 மடங்கில் ஒவ்வொன்றாக எண்ணினேன். அதன் மூக்கிலிருந்து ஆவி வருவதுகூடத் தெரிந்தது. ஆனால் 60 வரை திருகலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பத்து மணிக்குமேல் வெயிலில் தரை சூடாகி, காற்று கானல்போல நெளியும். 60இல் வைத்தால் எல்க்குக்குப் பதில் நீருக்கடியில் ஆடும் பாசிதான் தெரியும். 25க்கு இறக்கினால்தான் உருப்படியாக ஏதாவது தெரியும். அந்தி வெளிச்சத்திலும் இதே கதை. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். என் பைனாகுலருக்கு 4.2 மில்லிமீட்டர். ஸ்கோப்பை 60இல் வைத்தால் 1.3தான். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை இங்கே சுடலாம், எல்க் வெளியே வருவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் 60இல் வைத்த ஸ்கோப் குருடு.

அப்புறம் எடை. ஸ்கோப் 1.8 கிலோ, அதைத் தாங்கும் முக்காலி 1.6 கிலோ. ஸ்கோப்பைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது, ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. நான்காம் நாள் மதியம், பார்த்து முடித்து எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஸ்கோப், வாயில் அதன் மூடி. கீழே எழுபது மீட்டரில் கிளை முறியும் சத்தம். நிமிர்ந்தால், அழகான கொம்போடு ஒரு ஆண், ஆஸ்பென்களுக்கு நடுவே. நான் ஸ்கோப்பைக் கீழே வைத்து, துப்பாக்கியை எடுத்து... அதெல்லாம் எல்க்குக்கு நிறைய நேரம்.

சரி, அப்படியானால் தீர்வு? எனக்குக் கிடைத்தது ஸ்கோப்பிலும் இல்லை, பைனாகுலரிலும் இல்லை, முக்காலியில். பைனாகுலரின் நடு அச்சின் முன்னால் ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அதைத் திருகி எடுத்தால் உள்ளே மரை இருக்கும். அதில் ஓர் இணைப்பானை மாட்டி, இலகுவான முக்காலியில் உட்காரவைத்தேன். அதே 10 மடங்குதான். ஆனால் கை நடுக்கம் போனதும் வேறு கருவிபோல ஆகிவிட்டது. கையில் பிடித்துப் பார்க்கும்போது நாம் எல்க்கைத் தேடுகிறோம், அது முழுசாக நின்றால்தான் தெரியும். முக்காலியில் வைத்தால் அசைவு மட்டும் தனியே கண்ணில் படுகிறது.

நான்காம் வருடம் அப்படித்தான். மாலை நாலரை மணிக்கு 400 மீட்டரில் ஒரு ஃபிர் மரத்தடி நிழலையே இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்புக் கட்டை என்று நினைத்த ஒன்றின் ஓரத்தில் ஏதோ ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. காது. காதைப் பிடித்ததும் கண், கழுத்து, பிறகு கிளைகளோடு கலந்திருந்த கொம்பு என ஒவ்வொன்றாக வந்தது. அந்தியில் அது வெளியே வந்தபோது நான் 180 மீட்டருக்கு நகர்ந்திருந்தேன். கிளைகள் நான்கு. எண்ணியது பைனாகுலரில்தான். வெட்டிப் பிரித்து வண்டி வரை சேர்க்க, பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஐந்து நடை நடந்தோம். அப்போது பையில் ஸ்கோப் இல்லாததற்கு என் முழங்கால் நன்றி சொன்னது.

துப்பாக்கியின் மேலிருக்கும் ஸ்கோப்பால் தேடலாமே என்று யாராவது சொன்னால் அவரோடு காட்டுக்குப் போகாதீர்கள். அங்கே அசைவது மனிதனாக இருந்தால் குழல் அவன் மேல் இருக்கிறது.

ஸ்கோப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாலையிலிருந்தே மைல் கணக்கில் வெட்டவெளி தெரியும் இடமென்றால், விடியலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குவது என்று முடிவு செய்ய அதற்கு இணை இல்லை. வாங்குவதானால் கண்பகுதி சாய்ந்த வகையை வாங்குங்கள், உட்கார்ந்து பார்க்கக் கழுத்து வலிக்காது. கார் சன்னலில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு நேரான வகை. குளிரில் கண்ணாடி மேல் மூச்சு விடாதீர்கள், படிந்துவிடும். துடைப்பதற்குள் எல்க் காணாமல் போயிருக்கும்.

இரவலை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. போன குளிர்காலம் அம்மா வந்திருந்தபோது மாடியில் வைத்து வியாழனைக் காட்டினேன். பக்கத்தில் வரிசையாக நான்கு நிலாக்கள். “குரு பகவானுக்கு இத்தனை பிள்ளைகளா?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை பார்க்க வேண்டுமென்று சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். வரும் அக்டோபரில் அது வண்டியின் பின்சீட்டில், பழைய போர்வைக்குள் வரும். பைனாகுலரும் முக்காலியும் என்னோடு மேலே ஏறும்.