மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா?

பக்கவாதம் வந்து படுத்தவருக்கு ஒரு வாரம் கழித்தும் விழுங்க வரவில்லை என்றால், வீட்டார் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சிஸ்டர், உணவு விட மூக்கில் போட்டிருக்கும் குழாயை எடுத்துவிட்டு வயிற்றிலேயே போட்டுவிடலாமா?" நரம்பியல் வார்டு நர்சாக நான் சொல்வது: பக்கவாதம் என்றால் அவசரப்பட வேண்டாம். நோய் வேறு என்றால் பதிலும் வேறு.

மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூபைப் படுக்கையிலேயே சில நிமிடங்களில் போட்டுவிடலாம், தேவையில்லாதபோது உருவிவிடலாம். பக்கவாதம் வந்த பலருக்கு முதல் சில வாரங்களிலேயே விழுங்கும் திறன் திரும்பிவிடுவதால் இந்த வசதி பெரியது. 2005ல் லான்செட் இதழில் வந்த 'ஃபுட்' ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. தொடக்கத்திலேயே வயிற்றுக் குழாய் போட்டவர்களிடம் மரணம் அல்லது மோசமான முடிவு 7.8 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. புள்ளியியல்படி எல்லைக்கோட்டில் நிற்கும் வித்தியாசம்தான். ஆனாலும் முதல் சில வாரங்களுக்கு மூக்குக் குழாயே போதும் என்ற வழக்கத்துக்கு அது வலு சேர்த்தது.

மூக்குக் குழாயின் பெரிய தொல்லை, அது இடம் மாறுவது. குழப்பத்தில் இருக்கும் நோயாளி பிடுங்கிப் போடுவார். இருமலிலேயே நுனி மேலே வந்துவிடலாம். காற்றடித்து ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய முறையைத் தயவுசெய்து நம்பாதீர்கள். நுனி நுரையீரலில் இருந்தாலும் வயிற்றில் சத்தம் கேட்கும். அதற்குப் பதில், குழாய் வழியே உறிஞ்சி எடுத்த திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவரிடம் அந்த எண் ஏறிவிடும், அப்போது எக்ஸ்ரே தான் வழி. மூக்கின் ஓரத்தில் குழாய் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று குறித்து வைத்து, ஒவ்வொரு முறை உணவு விடும் முன்பும் பாருங்கள்.

வயிற்றுக் குழாய், அதாவது 'பெக்', 1979ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பொன்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் ஒரு குழந்தைக்கு முதலில் செய்தது. வயிற்றைத் திறக்காமல், வாய் வழியே விடும் கேமரா குழாயான எண்டோஸ்கோப் உதவியோடு வயிற்றில் சிறு துளையிட்டுப் போடுவது. சட்டைக்குள் மறைந்துவிடும், முகம் முகமாக இருக்கும், எளிதில் இடம் மாறாது. பல மாதங்களுக்குத் தேவை என்று தெரிந்தபின் எனக்குச் சந்தேகமே இல்லை, இதுதான் நல்லது. புண் ஆறியபின் வாரம் ஒருமுறையாவது குழாயைச் சற்று உள்ளே தள்ளிச் சுழற்ற வேண்டும் என்பதுதான் வீட்டில் மறந்துபோகிறது. விட்டுவிட்டால், குழாய் வெளியே வராமல் உள்ளே பிடித்திருக்கும் தட்டு வயிற்றுச் சுவருக்குள் புதைந்துவிடும். குழாய் கழன்று விழுந்தால் துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். போட்டு ஒரு மாதம்கூட ஆகாத குழாய் என்றால் நீங்களாகத் திரும்பச் சொருகவே கூடாது.

தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயில் கணக்கு தலைகீழ். மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்க்கும் அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே போகும் முன்பே பெக் போட்டுவிடுவது பாதுகாப்பு. அப்புறம் செய்தால் ஆபத்து கூடும். "நான்தான் இன்னும் சாப்பிடுகிறேனே" என்பார் நோயாளி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழாய் இருந்தாலும் ருசிக்காக வாயால் சாப்பிட முடிகிறவரை சாப்பிடலாம் என்று பொறுமையாகச் சொல்வதும் எங்கள் வேலைதான்.

முற்றிய மறதிநோயில் இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் 2014ல் குழாயைப் பரிந்துரைக்கவில்லை, கவனமாகக் கையால் ஊட்டுவதையே சொன்னது. குழாய் அவர்களின் ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டும் நிலைதான் வரும்.

மருந்து விஷயத்தில் இரண்டு குழாயும் ஒன்றுதான். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. வலிப்புக்கான ஃபெனிட்டோயின் குழாய் உணவோடு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது, பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவைப் புரதம் தடுக்கும். இந்த இரண்டுக்கும் உணவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

குழாய் போட்டுவிட்டால் புரையேறாது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். எந்தக் குழாயும் அதைத் தடுக்காது. எச்சிலும், வயிற்றிலிருந்து மேலே வருவதும் நுரையீரலுக்குள் இறங்கலாம், அதுவும் இருமலே வராமல். உணவு விடும்போதும் அப்புறம் அரை மணி நேரமாவது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று கேட்பார்கள். அவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. சாப்பிடாத வாயில் கிருமி வேகமாகப் பெருகும், அந்த எச்சில்தான் நிமோனியாவாக மாறும். காலையும் மாலையும் மென்மையான பிரஷ்ஷால் பல்லையும் நாக்கையும் தேய்த்து, தேங்கும் நீரைத் துடைத்து எடுங்கள்.